கார்வே சாலைக்குப் பெயர் தந்த பெரியார்

போபோடியில் வாழும் தமிழ் மக்களாகிய நாம் கார்வே சாலை என்னும் பெயரை நன்கு அறிவோம். டெக்கான் பகுதியினின்று கோத்ரூடு நோக்கிச் செல்லும் அச்சாலையில் துணி எடுக்கவும் மருத்துவரைக் காணவும் நம்மவர் போய்வருவது உண்டு. அதற்கப்பால் கார்வே நகர் என்றொரு பகுதியும் இருக்கின்றது. ஆயினும் அப்பெயருக்கு உரியவர் யார், அவர் யாது செய்தார் என வினவினால், இந்நகரிலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுள்ளும் சிலரே விடை கூறுவர். வாழ வந்த ஊரின் பெரியோரை அறிந்துகொள்வது நமக்குக் கடமையும் ஆகும், அழகும் ஆகும். ஆதலின் தோண்டோ கேசவ கார்வே அவர்களின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் சுருங்க உரைக்க விழைகின்றோம்.

கார்வே 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் இரத்தினகிரி மாவட்டத்தில் பிறந்தார். கடலோரச் சிற்றூராகிய முருடு அவர் குடும்பத்தின் ஊர். வறிய அந்தணர் குடும்பம். பதினேழு வயதில் ஓர் அரசுத் தேர்வு எழுதும் பொருட்டுச் சாதாராவுக்குப் புறப்பட்டார். கொங்கணத்திற்கு அந்நாளில் இருப்புப்பாதை கிடையாது. கொங்கண் ரயில்வே முழுமையாகத் திறக்கப்பட்டது 1998-இல்தான் என்பதை இத்துறையில் உள்ள நாம் அறிவோம். நூறு மைலுக்கு மேற்பட்ட மலைவழியை மழையில் நடந்தே கடந்தார் அந்த இளைஞர். தேர்வு அதிகாரியோ, ஆளைப் பார்த்தால் பதினேழு வயது ஆனவராகத் தோன்றவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். வந்த வழியே மீண்டார் கார்வே. மறு ஆண்டு வேறோர் ஊரில் தேர்வு எழுதித் தேறினார். இருபத்து மூன்றாம் வயதில் மெட்ரிகுலேஷன். 1884-இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. பட்டம். காலம் தாழ்ந்து கற்றவராயினும் கற்றது நிலைத்தது. 1891-இல் கோபால கிருஷ்ண கோகலே அவர்களின் அழைப்பின்பேரில் புனே பெர்குசன் கல்லூரியில் கணித ஆசிரியராக அமர்ந்தார்.

அதே ஆண்டில் அவருடைய மனைவி இராதாபாய் காலமானார். மனைவியை இழந்த ஆடவனுக்கு உறவினர் உடனே சிறு பெண் ஒருத்தியைத் தேடுவது அக்கால வழக்கம். கார்வேக்கும் தேடினர். ஒரு கைம்பெண்ணையன்றி வேறொருவரை மணப்பதில்லை என்று அவர் உறுதி பூண்டுவிட்டார். கைம்பெண் மறுமணத்தைப் பற்றி மேடையில் முழங்கியோர் அக்காலப் புனேயில் பலர் இருந்தனர். தம் வீட்டு வாயில் என்று வந்தபோது பின்வாங்கியோரும் பலர். ஊரை மாற்றுமுன் தம்மை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லாமலே செய்து காட்டியவர் கார்வே.

அவருடைய நண்பர் நரஹரி பந்த் ஜோஷி என்பவருக்குக் கோதுபாய் என்னும் தமக்கை இருந்தார். எட்டு வயதில் மணம் முடிந்து சில மாதங்களிலேயே கணவனை இழந்தவர். பண்டித ரமாபாய் 1889-இல் பம்பாயில் தொடங்கிய சாரதா சதனத்தில் சேர்ந்து பயின்ற முதல் கைம்பெண் இவரே. கார்வே தம் கருத்தை அப்பெண்ணின் தந்தையிடம் தெரிவிக்க, அவர் மகளின் விருப்பத்தை அறிந்த பின்னரே இசைந்தார். திருமணத்தில் பெண்ணைக் கேட்பது என்பதே அரிதான காலம் அது! 1893-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் மணம் நிகழ்ந்தது. கோதுபாய் ஆனந்திபாய் ஆனார்.

முருடு ஊரார் கூடித் தீர்மானம் செய்து கார்வேயை விலக்கி வைத்தனர். முன்னர் அவ்வூர்ப் பள்ளிக்கென நிதி திரட்டித் தந்தவரும் அவரே. பெற்ற தாயும் உடன்பிறந்தாரும் அவரைத் தம் வீட்டில் ஏற்க இயலாமல் தவித்தனர். இவ்விடத்தில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? ஊரை ஏசியிருப்போம், அல்லது ஊரையே மறந்திருப்போம். கார்வே இரண்டும் செய்யவில்லை. மறுப்போர் எதற்காக மறுக்கின்றனர் என்று செவி கொடுத்துக் கேட்கலானார். அவர் வாழ்வின் பிற்பகுதி முழுவதும் இக்கேள்வியின் விளைவே என்பது எம் துணிபு.

முதலில் அவர் ஏற்படுத்தியது கைம்பெண் மணத்தை ஊக்குவிக்கும் சங்கம். ஊக்குவித்தல் என்னும் சொல்லே பலரை வெருட்டிற்று. தம் பெண்ணை வற்புறுத்தி மணம் செய்விப்பரோ என அஞ்சினர். 1895-இல் அச்சங்கத்தின் பெயர், கைம்பெண் மணத்திற்குள்ள தடைகளை நீக்கும் சங்கம் என்று மாற்றப்பட்டது. பெயர் மாற்றந்தானே என்று எண்ணற்க. மணப்பதும் மணவாதிருப்பதும் அப்பெண்ணின் விருப்பம், குறுக்கே நிற்கும் வேலியை அகற்றுவதே நம் வேலை என்னும் தெளிவு அதில் இருக்கின்றது.

அடுத்து அவர் செவியில் விழுந்தது பெற்றோரின் அச்சம். 1893-இல் சாரதா சதனத்தில் மதமாற்றம் நிகழ்வதாகப் பெரும் பூசல் எழுந்தது; பலர் தம் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டனர். படிக்க வேண்டும் என்ற ஆசை அப்பெண்களிடம் இருந்தது. அனுப்பும் துணிவு பெற்றோரிடம் இல்லை. அவர்கள் நம்பி அனுப்பத்தக்க இல்லம் ஒன்று வேண்டும் எனக் கண்டு, 1896-இல் டாக்டர் இரா. கோ. பண்டார்கர் தலைமையில் கைம்பெண்களுக்கான ஆசிரமச் சங்கத்தை நிறுவினார் கார்வே. நகரில் கொள்ளைநோய் பரவவே, 1900-இல் ஆசிரமம் ஹிங்கணே என்னும் சிற்றூருக்கு மாறிற்று. அன்பர் ஒருவர் ஆறு ஏக்கர் நிலம் அளித்தார். அதில் ஒரு குடிசை. அவ்வளவே ஆசிரமம்!

பகலில் கல்லூரியில் கணிதம் கற்பிப்பார் கார்வே. மாலையில் வேண்டிய பண்டங்களைச் சுமந்துகொண்டு சேற்று வழியில் ஏறத்தாழ நான்கு மைல் நடந்து ஹிங்கணே சேர்வார். அங்குள்ள பெண்களுக்குப் பாடம் சொல்லுவார். மறுநாள் மீண்டும் நடந்து கல்லூரிக்கு வருவார். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் நடந்தார். ஆனந்திபாயின் தங்கை பார்வதிபாய் ஆடவலே அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தார். தலை மழித்த கைம்பெண்ணாக வந்த அவ்வம்மையார் ஆசிரமத்தின் தூணாக உயர்ந்தார். பின்னாளில் மழிக்கும் வழக்கத்தைத் தாமே கைவிட்டார். அமெரிக்கா வரை சென்று நிதி திரட்டியும் வந்தார்.

மறுமணச் சங்கத்தையும் ஆசிரமத்தையும் ஒருவரே நடத்தினால் ஆசிரமத்தை மக்கள் ஐயுறுவர் என்று கண்டு, முன்னதன் செயலாளர் பொறுப்பினின்று கார்வே விலகிக்கொண்டார். சீர்திருத்தக்காரர் சிலர் இதனைக் கோழைத்தனம் என்றனர். அக்குற்றச்சாட்டை முழுவதும் தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை. தொடக்க நாளில் அவ்வாசிரமத்தில் இடம்பெற்றோர் உயர்சாதிக் கைம்பெண்களே. சோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் 1848-லேயே இதே புனேயில் பெண்களுக்குப் பள்ளி திறந்து, ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கும் கல்வி தந்திருக்க, கார்வேயின் கதவு அத்துணை அகலமாகத் திறக்கவில்லை. பழமையாளரின் சொல்லை அவர் கேட்ட அளவுக்கு, வாயிலுக்கு வெளியே நின்றோரின் குரலை அன்று கேட்டாரல்லர். வீட்டாரும் துன்புற்றனர். கையில் வந்ததெல்லாம் ஆசிரமத்திற்கே போயிற்று. இல்லத்தின் பணமுடையை ஆனந்திபாய் தம் வரலாற்று நூலில் ஒளிவு மறைவின்றி எழுதியுள்ளார்.

இவற்றைப் படிக்கும்போது நம் இல்லங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. தமிழகத்திலும் சகோதரி சுப்புலட்சுமி 1912-இல் சென்னையில் இளம் கைம்பெண்களுக்கு இல்லம் திறந்து அவர்களை ஆசிரியைகளாக்கினார். நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆயினும் மஞ்சள் நீராட்டிலும் வளைகாப்பிலும் கணவனை இழந்த தாய் பின்கட்டில் ஒதுங்கி நிற்பதை இன்றும் நம்மவரிடையே காண்கின்றோம். குத்துவிளக்கு ஏற்ற அழைக்கும்போது அவர்கள் பெயர் நம் நினைவுக்கு வருவதில்லை. அவர்களுள் ஒருவரையேனும் அருகமர்த்தி அவர் மனத்தில் உள்ளதைக் கேட்டதுண்டா?

வரலாற்றுக்கு மீள்வோம். கைம்பெண்களோடு தங்கிப் படிப்பது மங்கலமன்று என்று மணமாகாப் பெண்களின் பெற்றோர் தயங்கினர். அத்தயக்கத்தையும் கார்வே கேட்டார். 1907-இல் அப்பெண்களுக்கெனத் தனியே மகளிர் வித்தியாலயம் தொடங்கினார். சில ஆண்டுகளில் தயக்கம் தேய்ந்தது. பின்னர் ஜப்பானிய மகளிர் பல்கலைக்கழகத்தைப் பற்றிய சிறு நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. 1915-ஆம் ஆண்டின் இறுதியில் பம்பாயில் கூடிய சமூக மாநாட்டில் தலைமையேற்றுப் பெண்களுக்கெனப் பல்கலைக்கழகம் வேண்டும் என்றார். 1916-இல் தொடங்கியும் விட்டார். முதல் கல்லூரி வகுப்பில் ஐந்து மாணவியர். பாடம் தாய்மொழியில். சர் விட்டல்தாஸ் தாக்கர்சி 1920-இல் பதினைந்து இலட்சம் ரூபாய் அளிக்க முன்வந்தார். அவருடைய தாயார் நாதிபாயின் பெயரால் அது இன்றும் மும்பையில் சிறந்து விளங்குகின்றது.

முதுமையிலும் ஓயவில்லை. 1936-இல், எழுபத்தெட்டு வயதில், பள்ளியில்லாச் சிற்றூர்களுக்குத் தொடக்கப்பள்ளி அமைக்கச் சங்கம் கண்டு வீடு வீடாக நன்கொடை கேட்டு நடந்தார். 1944-இல், எண்பத்தாறு வயதில், சாதி வேற்றுமை ஒழிய வேண்டிச் சமதா சங்கம் நிறுவினார். முன்னர் நாம் கூறிய குறைக்கு அவர் தாமே தேடிய மாற்று இதுவென்றே கருதுகின்றோம். எண்பதைக் கடந்தவர்க்குக் கருத்து மாறாது என்பார்க்கு இது வியப்பாக இருக்கலாம்.

1958-இல் நூறு வயது நிறைந்தபோது பாரத இரத்தினம் விருது வந்தது, அஞ்சல்தலையும் வெளியாயிற்று. 1962-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள், நூற்று நான்காம் வயதில், இப்புனே நகரிலேயே அவர் மறைந்தார். ஹிங்கணேயே இன்றைய கார்வே நகர். அன்று குடிசையில் தொடங்கிய சங்கம் அங்கே 1991 முதல் பெண்களுக்கெனப் பொறியியல் கல்லூரி ஒன்றையும் நடத்தி வருகின்றது.