கடல் கடந்த செண்பகராமன்

விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் நம் காலனிக் குடும்பங்களுக்குப் போவதும் வருவதும் ஒரே பயணச்சீட்டில் அடங்கிவிடும். திரும்பிவர ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஆன பயணமும் ஒன்று உண்டு.

செண்பகராமன் பிள்ளை 1891 செப்டம்பர் 15 அன்று திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். பாலக்காட்டுக் கணவாய்க்கு இப்பால் வாழும் நம்மைப் போலவே மலையாள மண்ணில் வளர்ந்த தமிழர். 1908-இல், பள்ளிப் பருவத்திலேயே, சர் வால்டர் ஸ்டிரிக்லண்ட் என்னும் ஆங்கிலேயருடன் கப்பலேறினார். இத்தாலியைக் கண்டார், சுவிட்ஸர்லாந்தின் ஜூரிச் நகரில் பொறியியல் பயின்றார். சுதந்தர நாடுகளின் வீதிகளில் நடந்த இளைஞருக்குத் தாய்நாட்டின் அடிமைநிலை பொறுக்கவில்லை. 1914-இல் ஜூரிச்சில் இந்திய விடுதலைக்காகக் குழு அமைத்தார். அவ்வாண்டே பெர்லின் சென்றார். 1915-இல் காபூலில் அமைந்த தற்காலிக இந்திய அரசில் அயல்நாட்டமைச்சராக அறிவிக்கப்பெற்றார்.

1934 மே 26 அன்று பெர்லினில் காலமானார். அவரது அஸ்தியை மனைவி இலட்சுமிபாய் முப்பதாண்டுகளுக்கு மேல் பேணிக் காத்தார். 1966-இல் இந்தியக் கடற்படையின் ‘டெல்லி’ கப்பல் அதனைக் கொச்சித் துறைக்குக் கொணர்ந்தது.

கொச்சியைக் காணச் செல்லும் நம் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இவ்வரலாற்றையும் சொல்வார்களாக.