மண்குவளையும் 114 விக்கெட்டுகளும்

சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் வீடு போய்ச் சேர்ந்ததும் கீழ்வேளூர் வட்டாரத்து வயல்களில் பாதி கிரிக்கெட் மைதானமாகிவிடும். தாளை மிதித்துச் சமன் செய்து, தண்ணீர் தெளித்து, மூன்று குச்சி நட்டால் ஆட்டம் தொடங்கிவிடும். அங்கே ஆடும் நம் பிள்ளைகளிடம் சச்சினைப் பற்றிக் கேட்டால் ஓட்டக் கணக்கோடு சொல்வார்கள். தோனியைப் பற்றிக் கேட்டால் நாள் முழுக்கப் பேசுவார்கள். பல்வங்கர் பாலு என்றால் விழிப்பார்கள். அது அவர்கள் குற்றமல்ல. நாம் சொல்லித் தரவில்லை.

பாலு 1876இல் தார்வாடில் பிறந்தவர். தோல் தொழில் செய்துவந்த சமார் சமூகத்துக் குடும்பம். அப்பாவுக்கு ராணுவத்தில் வேலை என்பதால் குடும்பம் புனேவுக்கு வந்தது. வெள்ளை அதிகாரிகள் ஆடிக் கழித்துப்போட்ட மட்டையும் பந்தும்தான் பாலுவுக்கும் தம்பி சிவராமுக்கும் முதல் விளையாட்டுச் சாமான்.

பதின்ம வயதில், பார்சிக்காரர்களின் கிரிக்கெட் மைதானத்தில் மாதம் மூன்று ரூபாய்ச் சம்பளத்துக்கு வேலைக்குச் சேர்ந்தார். பிறகு ஐரோப்பியர்களின் புனே கிளப்பில் நான்கு ரூபாய். ஆடுகளத்தைப் பெருக்க வேண்டும், உருளை இழுக்க வேண்டும், சுண்ணாம்புக் கோடு போட வேண்டும், வலை கட்ட வேண்டும். துரைமார் பயிற்சி எடுக்கும்போது பந்தும் போட வேண்டும். அப்படிப் போட்ட பந்தில்தான் அவருடைய இடது கை பழகியது. கிரேக் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரர் மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து பாலுவைப் பந்து போடச் சொல்லி ஆடுவாராம். தன்னை அவுட் ஆக்கினால் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா தந்ததாகவும் சொல்வார்கள். ஆயிரக்கணக்கான பந்துகள் போட்ட அந்த இளைஞர் கையில் ஒருநாள்கூட மட்டையைக் கொடுக்கவில்லை. மட்டை பிடிப்பது எசமானர் வேலை, பந்து போடுவது வேலைக்காரர் வேலை என்பது அங்கே இருந்த ஏற்பாடு. நடவும் அறுப்பும் ஒருவர் கையில், நெல் அளக்கும் மரக்கால் இன்னொருவர் கையில் என்று வாழ்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை.

புனே இந்து அணி ஐரோப்பியரைத் தோற்கடிக்க விரும்பியது. அதற்கு பாலுவின் பந்து வேண்டும், ஆனால் பாலு தீண்டப்படாதவர். பெரிய விவாதத்துக்குப் பிறகு அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் பதினொரு பேரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்தால் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை. பாலுவுக்கு வெளியே, குடித்துவிட்டு எறியும் மண்குவளை. சாப்பாட்டுக்குத் தனி இடம், தனித் தட்டு. முகம் கழுவ வேண்டுமானால் தலித் பணியாள் ஒருவர் ஓரமாக நின்று தண்ணீர் ஊற்ற வேண்டும். அவர் விக்கெட் எடுத்துக் கொடுத்த வெற்றி மட்டும் எல்லோருக்கும் தீண்டத் தகுந்ததாக இருந்தது. இரட்டைக் குவளை டீக்கடை வாசலில் மட்டும் பிறந்த வழக்கமல்ல என்பதை மாணவர்கள் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

1896இல் புனேவில் பிளேக் பரவிய காலத்தில் பாலு பம்பாய்க்குப் போனார். அங்கே இந்து ஜிம்கானாவில் சேர்ப்பதற்கும் எதிர்ப்பு எழுந்தது; அதையும் தாண்டி உள்ளே வந்தார். 1906 பிப்ரவரியில் இந்து அணி ஐரோப்பியரை 109 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. ஆளும் வெள்ளையரை அடிமை நாட்டவர் வென்றதாக நாடே கொண்டாடிய ஆட்டம் அது. அதில் பாலு எடுத்தவை எட்டு விக்கெட்டுகள். தம்பி சிவராமும் அந்த அணியில் இருந்தார்.

இனி 1911க்கு வருவோம். இந்தியா முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட அணி முதன்முறையாக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது. பத்தொன்பது வயது பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் தலைவர். பார்சி, இந்து, முஸ்லிம், சீக்கியர் என எல்லோரும் இருந்த அந்த அணியில் பாலு, சிவராம் என்ற இரண்டு தலித்துகளும் இருந்தார்கள். மன்னரின் முடிசூட்டு விழா ஆண்டு அது. மகாராஜாவுக்கு விருந்துகளில் இருந்த நாட்டம் ஆட்டத்தில் இல்லை. சில ஆட்டங்களோடு அணியை விட்டு விலகினார். தன் செயலாளராக இருந்த மிஸ்திரி என்ற சிறந்த மட்டைக்காரரையும் உடன் வைத்துக்கொண்டார்.

தொடர் தோல்விகள். முதல்தர ஆட்டங்கள் 14இல் 10 தோல்வி, 2 வெற்றி. அந்தச் சரிவிலும் 35 வயது பாலு, தோள் வலியோடு, ஓவர் ஓவராக வீசிக்கொண்டே இருந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணிக்கு எதிராக 103 ஓட்டங்களுக்கு 8 விக்கெட். அணி முதல் வெற்றியைக் கண்ட லெஸ்டர்ஷயர் ஆட்டத்தில் 11 விக்கெட். அடுத்த வெற்றி சோமர்செட் அணிக்கு எதிராக. ஒரே ஒரு விக்கெட் மிச்சமிருக்கக் கிடைத்தது. அதில் ஆட்டமிழக்காமல் சதம் அடித்தவர் சிவராம். சுற்றுப்பயணம் முடிந்தபோது பாலுவின் கணக்கில் 114 விக்கெட்டுகள், சராசரி 18.84. மகாராஜா விட்டுவிட்டுப் போன அணியின் மானத்தைச் சேரியிலிருந்து வந்த இரண்டு சகோதரர்கள் காப்பாற்றினார்கள்.

பம்பாய் திரும்பியதும் ஒடுக்கப்பட்ட மக்கள் கூடி பாலுவுக்கு வரவேற்பு கொடுத்தார்கள். அந்த வரவேற்பு மடலை எழுதிப் படித்தவர் ஒரு கல்லூரி மாணவர். பெயர் பீமராவ் அம்பேத்கர்.

இத்தனைக்குப் பிறகும் பாலுவுக்கு இந்து அணியின் தலைமை கிடைக்கவில்லை. அனுபவத்தில் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் தலைவர்களானார்கள். 1920இல் அவரை அணியிலிருந்தே நீக்கினார்கள். அப்போது தம்பிகள் சிவராமும் விட்டலும் ஆட மறுத்து வெளியேறி, சாதியின் பெயரால் நடக்கும் அவமதிப்பு இது என்று அறிக்கை வெளியிட்டார்கள். வேலைநிறுத்தம் பலித்தது. அடுத்த ஆட்டத்துக்குப் பாலு துணைத்தலைவராக அழைக்கப்பட்டார். தலைவர் பாய் சிறிது நேரம் வெளியே போய், களத்தில் தலைமையைப் பாலுவிடம் விட்டார். கிடைத்தது அவ்வளவுதான். 1923இல் தம்பி விட்டல் முழுத் தலைவரானார். அந்த ஆண்டு கோப்பையையும் வென்றார். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் பெரிய லீக்கில் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கி நிறத்தடையை உடைத்தது 1947இல். நம் பல்வங்கர் சகோதரர்களின் போராட்டம் அதற்கும் முந்தியது.

பாலுவின் கதையில் நமக்கு உறுத்தும் பகுதியும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. 1932இல் அண்ணல் அம்பேத்கர் தனி வாக்காளர் தொகுதி கேட்டபோது பாலு காந்தியின் பக்கம் நின்றார். நம் எம்.சி. ராஜாவும் அந்தப் பக்கமே நின்றார். இரட்டைமலை சீனிவாசன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தவர். கடைசியில் எல்லோரும் கையெழுத்திட்டது புனே ஒப்பந்தத்தில். 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கருக்கு எதிராகக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் பாலு. அம்பேத்கருக்கு 13,245 வாக்குகள், பாலுவுக்கு 11,225. அணியில் இடம் கொடுத்தவர்கள் ஒருநாள் தலைமையும் கொடுப்பார்கள் என்று நம்பியவர் பாலு. கொடுப்பதை எதிர்பார்க்காமல் உரிமையாகக் கேட்டவர் அம்பேத்கர். இருவரையும் வெட்டியது ஒரே கத்தி என்பதை மறக்காமல், யார் வழி சரி என்று மாணவர்கள் விவாதிக்க வேண்டும். 1955 ஜூலை 4ஆம் நாள் பாலு மறைந்தார்.

கீழ்வேளூர் இன்று தனித்தொகுதி. தலித் வேட்பாளர் நிற்க, எல்லோரும் வாக்களிக்கும் இந்த முறை அந்தப் புனே ஒப்பந்தத்தின் வழியில் வந்தது. 44 உயிர்களை எரித்த வெண்மணி மண்ணும் நம் அருகில்தான் இருக்கிறது. ஆகவே பாலுவின் கதை நமக்கு எங்கோ பம்பாயில் நடந்த கதையல்ல.

பொங்கலுக்கு ஊர் ஊராகக் கிரிக்கெட் போட்டி நடத்துகிறோம். நன்றாகப் பந்து போடுகிறான் என்று தெற்குத் தெருப் பையனை அணிக்கு அழைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. நல்லதுதான். ஆனால் ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார்கள்? அணித்தலைவர் என்று யார் பெயரை எழுதுகிறார்கள்? இந்த இரண்டு கேள்விகளையும் அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதே இளைஞர்கள் கேட்கட்டும்.