கடன் தீர்த்த எழுத்து

பொருளியல் கற்பித்துப் பழகியவனுக்கு ஒரு நாவலைப் படிக்கும்போது எழும் முதல் கேள்வி, இதில் வரும் மனிதர்கள் எதைக் கொண்டு பிழைக்கிறார்கள் என்பதுதான். பெரும்பாலான கதைகள் இதற்கு விடை சொல்வதில்லை. சிறுவர் கதைகளில் அந்தப் பேச்சே எழாது. அரசனின் பொன் எவருடைய வரியிலிருந்து வந்தது, விறகுவெட்டியின் நாட்கூலி என்ன என்று எந்தப் பாட்டியும் பேரனுக்குச் சொன்னதில்லை.

'லிட்டில் விமன்' அப்படியன்று. முதல் அத்தியாயத்திலேயே பணம் வந்துவிடுகிறது. கிறிஸ்துமஸ் நெருங்குகிறது, தந்தை போர்முனையில் இருக்கிறார், பரிசுப் பொருள் வாங்க வழியில்லை. நான்கு சகோதரிகளிடமும் ஆளுக்கு ஒரு டாலர் இருக்கிறது. அதை எதற்குச் செலவிடுவது என்று அவர்கள் பேசிக்கொள்வதில் நால்வரின் குணமும் தெரிந்துவிடுகிறது. 1868-ஆம் ஆண்டில், சிறுவர் நூல் என்றாலே நீதிபோதனை என்றிருந்த காலத்தில், வாடகையும் கூலியும் கிழிந்த கையுறையும் நிறைந்த ஒரு வீட்டை இளையோர்முன் வைத்தவர் லூயிசா மே ஆல்காட். அவர் பிறந்து வளர்ந்த வீட்டின் வரவு செலவை அறிந்தால்தான் அந்த நூலின் அருமை விளங்கும்.

அவர் 1832 நவம்பர் 29 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் ஜெர்மன்டவுனில் பிறந்தார். தந்தை பிரான்சன் ஆல்காட் ஆசிரியர், தத்துவவாதி. பிரம்பைத் தவிர்த்து, கேள்விகளால் பிள்ளைகளைச் சிந்திக்கவைக்க வேண்டும் என்று நம்பியவர். 1834-இல் பாஸ்டனில் அவர் தொடங்கிய டெம்பிள் பள்ளி முதலில் புகழ்பெற்றது. பின்னர் அவருடைய சமயக் கருத்துகள் பெற்றோரை மிரளவைத்தன. அடுத்து நடத்திய சிறு பள்ளியில் ஒரு கறுப்பினச் சிறுமியைச் சேர்த்தார். மற்ற பெற்றோர் எதிர்த்தபோதும் அவளை நீக்க மறுத்தார், பள்ளி மூடப்பட்டது. அந்த மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால், அதன்பின் நெடுங்காலம் அந்தக் குடும்பத்துக்கு நிலையான வருமானம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1843-இல் நண்பர்களுடன் 'ஃப்ரூட்லேண்ட்ஸ்' என்ற கூட்டுவாழ்வுப் பண்ணையை அவர் அமைத்தார. இறைச்சியும் பாலும் கூடாது. அடிமைகளின் உழைப்பில் விளைந்ததால் பருத்தி கூடாது. ஆட்டுக்கு உரியது என்பதால் கம்பளியும் கூடாது. கொள்கையில் குறை காண முடியாது. ஆனால் அறுவடைக் காலத்தில் ஆண்கள் சொற்பொழிவுக்குப் போய்விட, வயலையும் சமையலையும் பார்த்தவர் தாய் அபிகெயில்தான். ஏழு மாதங்களில் பண்ணை கலைந்தது. அப்போது லூயிசாவுக்கு வயது பதினொன்று. முப்பது ஆண்டுகள் கழித்து அதைப் பற்றி ஒரு நையாண்டிச் சித்திரம் எழுதினார்.

வீட்டில் பெண்கள் செய்யும் வேலை நாட்டு வருமானக் கணக்கில் சேர்வதில்லை என்பதை விளக்க, பொருளியலறிஞர் பிகூ சொன்ன எடுத்துக்காட்டை ஆண்டுதோறும் வகுப்பில் கூறுவேன்: ஒருவர் தம் வீட்டுப் பணிப்பெண்ணையே மணந்துகொண்டால் நாட்டு வருமானம் குறைந்துவிடும். மாணவர்கள் சிரிப்பார்கள். அபிகெயில் ஆல்காட் சிரித்திருப்பாரா என்பது ஐயமே. பின்னாளில் அவர் பாஸ்டனில் ஏழைகளின் இல்லங்களுக்குச் சென்று உதவும் ஊதியப் பணி ஏற்றுக் குடும்பத்தைத் தாங்கினார். மகள்களும் வேலைக்குப் போனார்கள். லூயிசா தையல் வேலை செய்தார், பாடம் சொல்லிக்கொடுத்தார். பதினெட்டு வயதில் டெடம் என்ற ஊரில் ஒரு வீட்டில் பணிப்பெண்ணாகச் சேர்ந்தார். ஏழு வாரங்கள் உழைத்ததற்குக் கிடைத்தது நான்கு டாலர். குடும்பத்தினர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டனர்.

எழுத்தும் அவருக்கு ஒரு தொழிலாகத்தான் வந்தது. முதல் நூல் 1854-இல் வெளியானது. பாஸ்டனின் பெரிய பதிப்பாளர்களுள் ஒருவரான ஜேம்ஸ் ஃபீல்ட்ஸ், இவருக்கு எழுத வராது, ஆசிரியப் பணியே போதும் என்று அறிவுரை கூறி, பள்ளி தொடங்க நாற்பது டாலர் கடனும் கொடுத்தார். எழுத்தில் வருவாய் வந்தபின் அந்தத் தொகையை லூயிசா திருப்பிக் கொடுத்தார் என்பதைப் படிக்கும்போது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டாகும்.

1858-இல் தங்கை எலிசபெத் இறந்தாள். 1862 டிசம்பரில், உள்நாட்டுப் போரில் காயமுற்றோருக்குப் பணிவிடை செய்ய லூயிசா வாஷிங்டனை அடுத்த ஜார்ஜ்டவுனில் இருந்த மருத்துவமனைக்குச் சென்றார். ஆறு வாரங்களில் டைஃபாய்டு அவரை வீழ்த்தியது. பாதரசம் கலந்த கேலமல் மருந்து கொடுத்தார்கள். அந்த நஞ்சுதான் வாழ்நாள் முழுவதும் தம்மை வாட்டியதாக அவர் நம்பினார்; லூபஸ் நோயாக இருந்திருக்கலாம் என்கிறார்கள் இன்றைய மருத்துவர்கள் சிலர். எதுவாயினும், அதன்பின் எழுதியவையெல்லாம் நலம் குன்றிய உடம்போடு எழுதியவை.

அதே காலத்தில் வார இதழ்களுக்கு வஞ்சமும் பழிவாங்கலும் நிறைந்த பரபரப்புக் கதைகளையும் அவர் எழுதிவந்தார். அவற்றுள் ஒன்றுக்கு நூறு டாலர் பரிசு கிடைத்தது. சிலவற்றைப் பெயரின்றியும், சிலவற்றை ஏ. எம். பர்னார்டு என்ற புனைபெயரிலும் வெளியிட்டார். அந்தப் புனைபெயருக்குரியவர் யார் என்பது 1940-களில், லியோனா ரோஸ்டன்பர்க் பழைய கடிதங்களை ஆராய்ந்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. அக்கதைகளை அவர் ரசித்தே எழுதினார் என்று அவற்றைப் படித்த எனக்குத் தோன்றுகிறது.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு நூல் எழுதும்படி ராபர்ட்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்தின் தாமஸ் நைல்ஸ் கேட்டபோது, லூயிசாவுக்கு அதில் விருப்பமில்லை. தம் சகோதரிகளைத் தவிரப் பிற பெண்களை அவர் அதிகம் அறிந்தவரும் அல்லர். ஆகவே தம் வீட்டையே எழுதினார். கான்கார்டு ஊரின் ஆர்ச்சர்டு ஹவுஸில், தந்தை அமைத்துக்கொடுத்த அரைவட்டப் பலகை மேசையில், 1868 கோடையில் முதற்பகுதி எழுதப்பட்டது. தொடக்க அத்தியாயங்கள் சுவையற்றவை என்று நைல்ஸ் கருதினார். எழுதியவருக்கும் அதே எண்ணம். நைல்ஸின் உறவுக்காரச் சிறுமி படித்து மகிழ்ந்த பிறகே நம்பிக்கை பிறந்தது. முதலில் அச்சான 2,000 படிகள் சில வாரங்களில் தீர்ந்தன.

இங்கே நைல்ஸின் நேர்மையைச் சொல்லாமல் விட முடியாது. மொத்தத் தொகைக்கு உரிமையை விற்றுவிடாமல் பதிப்புரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும்படி அவர் லூயிசாவுக்கு அறிவுறுத்தினார். பதிப்பாளர் தம் ஆதாயத்துக்கு எதிராகக் கொடுத்த அந்த ஆலோசனைதான் ஆல்காட் குடும்பத்தை மீட்டது. பல்லாண்டுகளாகத் தொடர்ந்த கடன்கள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன. எந்த ஆண்டில் எழுத்தால் எவ்வளவு வந்தது என்று லூயிசா தம் குறிப்பேட்டில் கணக்கு வைத்திருந்தார்.

உண்மையை எழுதிய அந்த நூல் ஓரிடத்தில் மட்டும் உண்மையை விட்டு விலகுகிறது. நாவலில் வரும் தந்தை, நண்பர் ஒருவருக்கு உதவப்போய்ச் செல்வத்தை இழந்தவர். இப்போது படையில் சமயகுரு. சம்பாதிக்காத, கடன்பட்டே காலம் தள்ளிய பிரான்சன் அதில் இல்லை. மகள் தந்தையின் மானத்தைக் காத்தாள் என்றே இதைக் கொள்கிறேன். ஆனால் நாவலின் ஜோ கதை எழுதி வென்ற நூறு டாலரைக் கொண்டு தாயையும் நோயுற்ற தங்கையையும் கடற்கரைக்கு அனுப்பும் இடத்தில், எழுதியவரின் சொந்தக் கணக்கேடு அப்படியே திறந்துகொள்கிறது.

வாசகச் சிறுமியர் ஜோவுக்கும் லாரிக்கும் திருமணம் செய்துவைக்கும்படி கடிதம்மேல் கடிதம் எழுதினார்கள். லூயிசா இணங்கவில்லை, இரண்டாம் பகுதியில் ஜோவை நடுவயதுப் பேராசிரியர் ஒருவருக்கு மணமுடித்தார். (பேராசிரியர்களுக்கு இலக்கியத்தில் இப்படி நல்வாய்ப்பு அமைவது அரிது.) தாம் திருமணமே செய்துகொள்ளவில்லை.

பிறகு வந்தவையெல்லாம் பொறுப்புகளே. ரோமில் இருந்தபோது அக்காள் அன்னாவின் கணவர் இறந்த செய்தி வந்தது. அவருடைய இரு மகன்களுக்காக 'லிட்டில் மென்' எழுதினார். ஓவியரான தங்கை மே 1879-இல் பாரிசில் பிள்ளை பெற்ற ஏழாம் வாரத்தில் இறந்தார். குழந்தை லூலு பெரியம்மாவிடம் வந்து சேர்ந்தாள். எழுதி எழுதி வலக்கைக் கட்டைவிரல் மரத்துப்போக, இடக்கையால் எழுதக் கற்றுக்கொண்டார். பள்ளிக் குழுத் தேர்தலில் பெண்கள் வாக்களிக்கலாம் என்று மாசசூசெட்ஸ் சட்டம் இயற்றியபோது, கான்கார்டில் முதலில் பெயர் பதிந்த பெண் அவரே.

அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் பதிப்புரிமை 28 ஆண்டுகளுக்கு மட்டுமே. அதைப் புதுப்பிக்கும் உரிமை எழுத்தாளருக்கும், அவர் இறந்துவிட்டால் துணைவிக்கும் பிள்ளைகளுக்கும் உண்டு. அக்காள் மகனுக்கு இல்லை. 'லிட்டில் விமன்' உரிமை 1896-இல் முடிவதாக இருந்தது. அதுவரை தாம் இருக்கமாட்டோம் என்று லூயிசாவுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே 1887-இல், வளர்ந்து ஆளாகிவிட்ட அன்னாவின் இளைய மகன் ஜானைச் சட்டப்படி தத்தெடுத்தார். வரும் வருவாய் அன்னா, அவருடைய இரு மகன்கள், லூலு ஆகியோருக்குப் பகிர்ந்தளிக்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. 1888 மார்ச் 4 அன்று பிரான்சன் ஆல்காட் காலமானார். அச்செய்தி தம்மை எட்டுமுன், மார்ச் 6 அன்று, 55-ஆம் வயதில் லூயிசாவும் மறைந்தார்.