பழுது பார்க்க வந்தவர் ஜேம்ஸ் வாட்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கிரைண்டர் மோட்டாரின் பக்கத்தில் ஒரு சிறு தகடு இருக்கும். அதில் குதிரைத்திறனும் வாட் அளவும் பொறித்திருப்பார்கள். எங்கள் வீட்டுக் கிரைண்டர் நின்றுபோன நாளில்தான் அந்தத் தகட்டை முதன்முறையாகப் படித்தேன். என் தாயார் இட்லி மாவு அரைத்துத் தெருவில் விற்பவர். நான் கல்லூரிக்கு வரும் பேருந்துச் செலவும் புத்தகச் செலவும் அந்த மாவிலிருந்து வருபவை. பழுது பார்க்கும் நிலையத்தார் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். பெல்ட்டை மாற்றியதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தந்தார்கள். வெறுமனே விட்டால் சுற்றியது. அரிசி போட்டதும் முனகிக்கொண்டு நின்றது. மறுபடி கொண்டுபோனபோது மோட்டாரே போய்விட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்று கைவிரித்து விட்டார்கள்.

அந்த நாட்களில்தான் நம் கல்லூரி நூலகத்தில் ஜேம்ஸ் வாட்டின் வரலாற்றைப் படித்தேன். சிறு வயதில் கெட்டிலின் மூடி ஆவியால் எழும்புவதைப் பார்த்து அவர் நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தார் என்ற கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அது முழு உண்மை அன்று. அவர் பிறப்பதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, 1712-இல், நியூகோமன் என்பவரின் நீராவி இயந்திரம் இங்கிலாந்தில் சுரங்க நீரை இறைக்கத் தொடங்கிவிட்டது. வாட் அந்த இயந்திரத்திடம் பழுது பார்க்க வந்தவர். அவருடைய பெருமை முழுவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1736-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாள், ஸ்காட்லாந்தின் கிரீனக் என்னும் துறைமுக ஊரில் வாட் பிறந்தார். அடிக்கடி நோயுற்ற பிள்ளை. எழுத்தும் கணக்கும் பெரும்பாலும் வீட்டிலேயே கற்றார். தந்தை கப்பல்களுக்கு வேண்டிய பொருள்களைச் செய்தும் விற்றும் வந்தவர். அவருடைய பட்டறையே சிறுவனுக்கு விளையாட்டுக் களம். தாயார் மறைந்து, தந்தையின் தொழிலும் நொடித்தபின், 1755-இல் கருவி செய்யும் தொழில் கற்க இலண்டன் சென்றார். ஏழாண்டுக் காலம் பயில வேண்டிய தொழிலை, பணமும் உடல்நலமும் போதாமையால் ஓராண்டில் கற்றுத் திரும்பினார். முறைப்படி பயிற்சி முடிக்காத அவர் கிளாஸ்கோ நகரில் கடை வைக்கத் தொழிலாளர் சங்கத்தார் இடம் தரவில்லை என்று வரலாற்றாசிரியர் பலர் எழுதியுள்ளனர்.

அவருக்குக் கை கொடுத்தது கிளாஸ்கோ பல்கலைக்கழகம். ஜமைக்காவிலிருந்து கடல்வழியே வந்த வானியல் கருவிகள் உப்புக்காற்றில் துருவேறிக் கிடந்தன. 1756-இல் அவற்றைச் சுத்தம் செய்து சீராக்கியதற்கு 5 பவுன் கூலி பெற்றார். அடுத்த ஆண்டு பல்கலைக்கழக வளாகத்திற்குள்ளேயே அவருக்கு ஒரு பட்டறை கிடைத்தது. பட்டம் பெறாத அந்தக் கைவினைஞரின் அறைக்குப் பேராசிரியர்களும் மாணவர்களும் வந்து உரையாடுவார்கள். அவர்களுள் ஒருவர், உள்ளுறை வெப்பத்தைக் கண்டறிந்த ஜோசப் பிளாக்.

பல்கலைக்கழகத்தில் வகுப்பில் காட்டுவதற்காக நியூகோமன் இயந்திரத்தின் சிறு மாதிரி ஒன்று இருந்தது. பழுதுபட்ட அதனை இலண்டனில் இருந்த கருவி வல்லுநர் ஒருவரிடம் அனுப்பியிருந்தார்கள். போனது போனதுதான். அதைத் திரும்பப் பெறுவதற்காக 2 பவுன் வரை செலவழிக்கலாம் என்று 1760-இல் பல்கலைக்கழகம் அனுமதி வழங்க வேண்டியதாயிற்று. 1763-64 குளிர்காலத்தில் பேராசிரியர் ஆண்டர்சன் அந்த மாதிரியை வாட்டிடம் ஒப்படைத்தார்.

வாட் அதனைச் சீர்செய்தார். ஆனால், சில அடிகள் அடித்ததும் அது நின்றுவிட்டது. உறுப்புகள் எல்லாம் சரியாக இருந்தும் கொதிகலத்தின் ஆவி தீர்ந்துபோயிற்று. என் வேலை முடிந்தது என்று கூலி வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவர் போகவில்லை. ஏன் நிற்கிறது என்று கேட்டார்.

அந்த இயந்திரத்தில் உருளைக்குள் ஆவி நிரம்பும். பின்பு குளிர்ந்த நீரைத் தெளிப்பார்கள். ஆவி நீராகி வெற்றிடம் உண்டாகும். காற்றழுத்தம் உந்துதண்டைக் கீழே தள்ளும். ஆனால், ஒவ்வொரு முறையும் உருளையும் சேர்ந்து குளிர்ந்துவிடும். அடுத்த ஆவியின் பெரும்பகுதி அதனைச் சூடாக்குவதிலேயே வீணாகும். நீளத்தைப் பாதியாக்கினால் பரப்பு நான்கில் ஒன்றாகிறது. கொள்ளளவோ எட்டில் ஒன்றாகிவிடுகிறது. எனவே சிறு மாதிரியில் இழப்பு இன்னும் அதிகம். பெரிய இயந்திரத்தில் மறைந்திருந்த குறையைச் சிறிய இயந்திரம் காட்டிக்கொடுத்தது.

வாட் அளந்து பார்த்தார். ஆவி, தன் எடையைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு கிணற்று நீரைக் கொதிநிலைக்கு ஏற்றியது. வியந்துபோய்ப் பிளாக்கிடம் கேட்டார். உள்ளுறை வெப்பத்தைப் பற்றி அவர் விளக்கினார். நம் பாடநூலில் உள்ள கிராமுக்கு 540 கலோரி என்ற எண்ணைக் கொண்டு நாமே இதைச் சரிபார்க்கலாம். 10 டிகிரி நீரை 100 டிகிரிக்கு உயர்த்த, கிராமுக்கு 90 கலோரி. 540-ஐ 90-ஆல் வகுத்தால் ஆறு!

1765 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளாஸ்கோ திடலில் உலவிக்கொண்டிருந்தபோது விடை கிடைத்தது. ஆவியை உருளைக்குள் ஏன் குளிர்விக்க வேண்டும்? தனியாக ஒரு கலத்திற்கு இழுத்து அங்கே குளிர்வித்தால், உருளை எப்போதும் சூடாகவே இருக்குமே! அந்தத் தனிக் கலமே கண்டன்சர்.

விடை கிடைத்த அன்றே வாழ்வு மலர்ந்துவிடவில்லை. 1769-இல் காப்புரிமை பெற்றார். ஆயினும் குடும்பத்தைக் காப்பாற்றக் கால்வாய்களுக்கு நிலம் அளக்கும் வேலைக்குப் போனார். 1773-இல் வடக்கே அளவை வேலையில் இருந்தபோது மனைவி மார்கரெட் நோயுற்று இறந்தார். அதே ஆண்டில் பணம் போட்ட பங்காளியும் நொடித்துப் போனார். 1775-இல் பர்மிங்காமின் மாத்யூ போல்டன் கூட்டாளியானார். உருளையைத் துல்லியமாகக் கடைந்து தர ஜான் வில்கின்சன் கிடைத்தார். 1776-இல் வாட்டின் பெரிய இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. பழுது வந்ததிலிருந்து கணக்கிட்டால் பன்னிரண்டு ஆண்டுகள்!

அவரிடம் குறையும் உண்டு. 1800 வரை நீட்டிக்கப்பட்ட காப்புரிமையைக் கொண்டு, இயந்திரத்தை மேம்படுத்த முயன்ற பிறர்மீது வழக்காடினார். பிறர் விட்ட குறையைத் திருத்தி உயர்ந்தவர், தம் இயந்திரத்தைப் பிறர் திருத்த மனமுவந்து இடங்கொடுக்கவில்லை. இதையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1800-இல் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றபின் வீட்டு மாடியில் ஒரு சிறு பட்டறை அமைத்து, சிலைகளைப் படியெடுக்கும் பொறியைச் செய்துகொண்டிருந்தார். 1819 ஆகஸ்டு 25-ஆம் நாள், தம் 83-ஆம் வயதில் மறைந்தார். 1882-இல் அறிவியலாளர் சீமென்ஸ், திறனின் அலகுக்கு வாட் எனப் பெயரிட முன்மொழிந்தார். அந்தப் பெயர்தான் இன்று நம் வீட்டு விளக்கிலும் மின்விசிறியிலும் இருக்கிறது.

எங்கள் கிரைண்டர் என்ன ஆயிற்று என்று நண்பர்கள் கேட்கலாம். சுமை ஏறினால் மட்டும் ஏன் நிற்கிறது என்று நானும் கேட்டேன். எங்கள் இயற்பியல் விரிவுரையாளர் ஆய்வகத்தில் பொறுமையாக விளக்கினார். பிளக்கைப் பிடுங்கி, அவர் சொன்ன முறைப்படி மின்னூட்டத்தை இறக்கிய பிறகே கை வைத்தேன். மோட்டார் நன்றாகத்தான் இருந்தது. கெட்டிருந்தது ஒரு சிறிய உருளை. கடையில் அதற்குப் பெயர் கண்டன்சர்! வாட்டின் கண்டன்சர் வேறு, இது வேறு. ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டதும் கடை வாசலில் நின்று சிரித்துவிட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் கிரைண்டர் ஓடும் ஓசை கேட்டு விழித்தேன். எழுதப் படிக்கத் தெரியாத என் தாயார், தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஒரு மனிதரின் பெயர் அம்மா என்றேன்.