திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார்

இசையினாலே இறைவனை வழிபட்டு உய்ந்தோர் நம் சமயத்திற் பலர். அவருள்ளே இல்லறத்தினின்றும் நீங்காது, மனைவியாரோடு ஒருங்கு வாழ்ந்து, ஒருங்கு யாத்திரை செய்து, ஒருங்கு முத்தி பெற்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார். சுந்தரமூர்த்தி நாயனார் இவரைத் திருத்தொண்டத்தொகையில் வைத்துப் போற்றினர். பெரியபுராணத்தில் இவர்க்கென வகுக்கப்பட்ட புராணமோ மிகச் சிறியது. இவருடைய சரித்திரத்தின் பெரும்பகுதி திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் புராணத்தினுள்ளே விரவிக் கிடக்கின்றது. தனிப்புராணம் ஒன்றனை மாத்திரம் படிக்கும் மாணாக்கர் இவரை முழுதும் அறியாது போதல் கூடும். ஆதலின், ஈரிடத்தும் உள்ளவற்றை ஒருங்கு தொகுத்து, ஆசிரியர்களுக்குப் பயன்படுமாறு ஈண்டு உரைக்கின்றோம்.

நாயனார் அவதரித்த தலம் எருக்கத்தம்புலியூர். இராசேந்திரப்பட்டணம் என இக்காலத்து வழங்கும் அவ்வூர் விருத்தாசலத்துக்கு அணித்தாயுள்ளது. இவர் பெரும்பாணர் குலத்தினர். சகோடயாழ் வாசிப்பதில் வல்லவர். மனைவியார் மதங்கசூளாமணியார், இசை வல்ல விறலியார். கணவனார் யாழிலிட்டு வாசிக்கும் இசையை மனைவியாரும் உடனிருந்து பாடுவர். இவ்விருவர்க்கும் இல்வாழ்க்கை வேறு, இசைத்தொண்டு வேறு என்பதில்லை. இசையே அவர் இல்லறமாயிற்று.

சோழநாட்டுத் தலங்களை வணங்கிய நாயனார், மதுரையை அடைந்து, திருவாலவாய்க் கோயிலின் வாயில் முன் நின்று யாழ் வாசித்தனர். இறைவர் அன்றிரவு தம் அடியார்களுக்குக் கனவிலே உணர்த்த, அவர்கள் மறுநாள் நாயனாரை உள்ளே திருமுன்பு கொண்டு புகுந்தனர். அங்கே, தரையின் ஈரம் தாக்கினால் யாழ் நரம்பின் கட்டுத் தளரும் என்றும், அதனை வைத்தற்குப் பொற்பலகை இடுக என்றும் அசரீரி எழுந்ததாகச் சேக்கிழார் சுவாமிகள் கூறுவர். நரம்புக் கருவியைக் கையாண்டவர் எவரும் இதன் நுட்பத்தை அறிவர். சீதம் ஏறிய நரம்பு சுருதியில் நில்லாது. திருவாரூரிலும் நாயனார் வாயில் முன் நின்றே வாசிக்க, இறைவர் வடதிசையில் வேறொரு வாயில் வகுத்து, அவ்வழியே அவரைத் தம் முன்னர் வருவித்தனர் என்பது புராணம்.

பின்னர்ச் சீகாழியிலே திருஞானசம்பந்தப் பிள்ளையார் சிறு பருவத்திலேயே திருப்பதிகம் பாடுதலைக் கேள்வியுற்று, நாயனார் மனைவியாருடன் அங்கே சென்று வணங்கினர். பிள்ளையார் அவரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று, இறைவன் புகழை யாழில் இசைக்கும்படி பணித்துக் கேட்டு மகிழ்ந்தனர். உறையுளும் உணவும் அளிப்பித்தனர். பிள்ளையார் பாடும் பதிகங்களையெல்லாம் யாழிலிட்டு வாசித்து, என்றும் பிரியாது உடனிருக்கும் பேற்றினை நாயனார் வேண்டிப் பெற்றனர். வயதினாலே மூத்த பெருங்கலைஞர், ஒரு குழந்தையின் பாட்டுக்குத் தம் கலை முழுவதையும் ஒப்படைத்தது சிறிய செயலன்று. அன்று தொடங்கிய யாத்திரையில் மதங்கசூளாமணியாரும் இறுதிவரை உடன் சென்றனர்.

அவ்யாத்திரையிலே திருச்சாத்தமங்கையில் நிகழ்ந்தது நாம் ஊன்றி நோக்கற்பாலது. அவ்வூரில் வேதவேள்வி வளர்க்கும் அந்தணராகிய திருநீலநக்க நாயனார் பிள்ளையாரைத் தம் மனையில் எழுந்தருளுவித்தனர். இரவிலே, பாணனார் தம் மனைவியாருடன் தங்குதற்கு ஓரிடங் கொடுக்கும்படி பிள்ளையார் பணித்தனர். திருநீலநக்கர் தம் மனையின் நடுவே, வேள்வித் தீ வளரும் வேதிகையின் பக்கத்தே இடங் கொடுத்தனர். அத்தீ முன்னினும் மிக்கு வலமாகச் சுழித்து ஓங்கியது எனச் சேக்கிழார் கூறுவர். பாணனாரும் விறலியாரும் சகோடயாழும் அன்றிரவு தங்கியது அவ்விடத்தேயாம். குலம் நோக்கி மாணாக்கரை வேறுபடுத்தும் எண்ணம் எவர் உள்ளத்தேனும் எழுமாயின், சைவ ஆசிரியர் முதலில் நினைக்கவேண்டியது அவ்வேதிகையையே.

இனி, நாயனார் சரித்திரத்தின் உச்சி தருமபுரம். காரைக்காலைச் சார்ந்த அவ்வூர் நாயனாருடைய அன்னையார் பிறந்த ஊர். சுற்றத்தார் எதிர்கொண்டு சூழ்ந்தனர். பிள்ளையார் பதிகங்களை யாழில் வாசிக்கும் தம் பேற்றினை நாயனார் அவர்களுக்கு எடுத்துரைத்தனர். அவர்களோ, அப்பதிகங்கள் உலகிற் பரவியது இவர் யாழிலிட்டு வாசித்தமையாலேயே என்று புகழ்ந்தனர்.

பகைவர் இகழ்ச்சியைப் பொறுத்தல் எளிது. உறவினர் அன்பினாலே கூறும் பொய்ப்புகழை மறுத்தல் அரிது. சுற்றத்திடத்து அன்புடையார்க்கு அது மிக அரிது. நாயனாரோ அதனைக் கேட்டு நடுங்கினர். உடனே பிள்ளையாரிடஞ் சென்று, யாழில் அடங்காத இசையுடையதொரு பதிகம் பாடி, அவர்கள் உண்மையை உணருமாறு செய்தருள வேண்டும் என்று விண்ணப்பித்தனர். தம் கருவி தோற்குமாறு தாமே வேண்டிக்கொண்ட கலைஞர் இவர். பிள்ளையார் பாடினர், நாயனார் வாசிக்க முயன்றனர், இசை நரம்பில் அடங்கவில்லை. இக்கருவியன்றோ இவ்வளவுக்கும் காரணம் என்று அவர் யாழை உடைக்க ஓங்கினர். பிள்ளையார் அவரை ஐயர் என மரியாதையுடன் விளித்துத் தடுத்து, யாழைத் தம் கையில் வாங்கி, சிவபெருமான் திருவருட்செயல் முழுவதும் ஒரு கருவியில் அளவுபடுமோ என்று தேற்றி, வந்தவாறு வாசிக்கும்படி அதனை மீண்டும் அளித்தனர். அப்பதிகமே யாழ்முரி எனப் பெயர்பெற்று, முதலாந் திருமுறையில் 136 ஆவதாய் இறுதியில் நிற்கின்றது. ஓதுவார்கள் அதனை அடாணா இராகத்திற் பாடுவர். தருமபுரத்து இறைவர்க்கும் யாழ்முரிநாதர் என்பது திருநாமமாயிற்று.

இதனை நாயனாருடைய தோல்வி என்று கற்பித்தல் தகாது என்பது எம் கருத்து. கருவிக்கு எல்லையுண்டு என்று அறிந்த பின்னரும், அக்கருவியை விடாது தொண்டு செய்தலே இங்கு வெற்றி. இறுதியாக, ஆச்சாள்புரம் என வழங்கும் நல்லூர்ப்பெருமணத்திலே, பிள்ளையாருடைய திருமணத்தில் எழுந்த சோதியினுள்ளே நாயனாரும் மனைவியாரும் உடன் புகுந்தனர். வைகாசி மூலம் அவர் குருபூசைத் தினம்.

எனினும் அக்குடும்பத்தின் தொண்டு அத்துடன் முடிந்திலது. பிற்காலத்தே தேவாரத் திருமுறைகள் தில்லையிலே கண்டெடுக்கப்பட்டபொழுது, பாடல் கிடைத்தும் பண் தெரியாதாயிற்று. எருக்கத்தம்புலியூரில் இவர் மரபிற் பிறந்த பெண்ணொருத்தியைக் கொண்டே பண்கள் வகுக்கப்பட்டன எனத் திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. ஏடு மறைந்துகிடந்த காலத்தும் இசை ஒரு மனையிலே மறையாதிருந்தது; தந்தையும் தாயும் பாடக் கேட்டு மக்கள் பாடினர் என்று கொள்ளுதல் பொருந்தும். சகோடயாழோ வழக்கொழிந்தது. ஈழத்திற் காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து, 1947 ஆம் ஆண்டில் யாழ்நூலை வெளியிட்டு, அதன் இயல்பை நாம் அறியச் செய்தனர்.

யாழின் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்டுள்ள நம்மவர்க்கு இச்சரித்திரத்தில் உரிமை அதிகம், கடமையும் அதிகம். பொருள் தெரிந்து மனனஞ் செய்வித்தல் மாத்திரம் தேவாரக் கல்வியாகாது. ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பதிகமேனும் பண்ணோடு பாடப் பழக்குதல் வேண்டும். பாடசாலையிற் பாடியதை மாணாக்கர் மாலையிலே தம் பெற்றோர் முன்னிலையிற் பாடுமாறு செய்தல் வேண்டும். ஏடு செல்லரிக்கும், நரம்பு அறும். மனைதோறும் பாடப்படும் பண் அழியாது.