உப்பின் வழியே ஒரு மருந்து: கழலை நோயின் வேரைக் கதிரியக்க அயோடினால் தேடிய வி. ராமலிங்கசுவாமி

ஏர்பேடு: உடலுக்குள் சென்ற ஒரு பொருள் எங்கே போய்ச் சேர்கிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, எதனோடு ஒட்டிக்கொள்கிறது என்பதைக் கண்ணால் காண இயலாது. அப்பொருளில் உள்ள ஓர் அணுவை மட்டும் கதிரியக்கம் உடையதாக மாற்றிவிட்டால், அது செல்லும் இடமெல்லாம் தன் இருப்பை அறிவித்துக்கொண்டே செல்லும். இன்று புதிய மருந்துகளைத் தேடும் ஆய்வகங்களில் அன்றாட முறையாகிவிட்ட இந்த உத்தியை, இமயமலை அடிவாரத்து ஏழை மக்களின் துயர் தீர்க்கப் பயன்படுத்தியவர் ஆந்திரத்தில் பிறந்த நோயியல் அறிஞர் வுலிமிரி ராமலிங்கசுவாமி.

ஆந்திரத்தின் வடகோடியில் உள்ள ஸ்ரீகாகுளத்தில் 1921-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8-ஆம் தேதி அவர் பிறந்தார். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் 1944-இல் மருத்துவப் பட்டமும், 1946-இல் மருத்துவ முதுநிலைப் பட்டமும் பெற்றார். பின்னர் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து 1951-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கை தமிழ்நாட்டில்தான் வேரூன்றியது. நீலகிரி மாவட்டம் குன்னூரில் அப்போது இயங்கிவந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தில் அவர் நோயியல் வல்லுநராகப் பணியாற்றினார். புரதக் குறைவினால் கல்லீரலும் பிற உறுப்புகளும் எவ்வாறு சிதைகின்றன என்பதை ஆராய்ந்தார். உணவில் ஒரு சிறு பொருள் குறைந்தால் உடல் முழுவதும் தடுமாறும் என்ற உண்மையை அவர் கண்கூடாகக் கண்டது அங்கேதான். அந்த ஆய்வுக்கூடம் பிற்காலத்தில் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது குறிப்பிடத்தக்கது.

குன்னூர் ஆய்வுக்கூடத்தை உருவாக்கிய ராபர்ட் மெக்காரிசன், அதற்கு முன்பே இமயத்தின் மேற்குப் பகுதியான கில்கிட்டில் கழலை நோயை ஆராய்ந்தவர். அசுத்தமான குடிநீரே அந்நோய்க்கு மூலம் என்பது அவரது முடிவு. உணவிலும் மண்ணிலும் அயோடின் போதாமையே காரணம் என்று மற்றொரு தரப்பினர் கூறினர். முட்டைக்கோசு போன்ற சில உணவுகளில் உள்ள பொருள்கள் சுரப்பியின் வேலையைக் கெடுப்பதாக வேறு சிலர் கருதினர். காரணம் எது என்று முடிவாகாமல் பரிகாரம் காண வழியில்லை. கிணறுகளைத் தூய்மைப்படுத்துவதா, உணவை மாற்றுவதா, உப்பில் அயோடினைச் சேர்ப்பதா என்ற கேள்விக்கு விடை கிடைக்க வேண்டியிருந்தது.

இது வெறும் கழுத்து வீக்கம் பற்றிய வாதம் அன்று. அயோடின் இல்லாமல் தைராய்டு சுரப்பியால் தன் இயக்குநீரைச் சுரக்க இயலாது. கருவுற்ற தாய்க்கு அது கடுமையாகக் குறைந்தால், பிறக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். செவித்திறனும் பேச்சும் இல்லாமல் போகலாம். இமயத்தின் அடிவாரப் பள்ளத்தாக்குகளில் இத்தகைய குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகப் பிறந்துவந்தனர். பல ஊர்களில் மக்கள் அதை விதி என்றே ஏற்றுக்கொண்டிருந்தனர்.

அன்றைய பஞ்சாப் மாநிலத்தில் இருந்ததும் இன்று இமாசலப் பிரதேசத்தில் இருப்பதுமான காங்ரா பள்ளத்தாக்கில் 1956-ஆம் ஆண்டு பெரும் கள ஆய்வு தொடங்கியது. ஏறத்தாழ 1 லட்சம் மக்கள் வாழ்ந்த பகுதி அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கிருந்த பள்ளிக் குழந்தைகளில் பத்துப் பேருக்கு நால்வர் என்ற அளவில் கழலை காணப்பட்டது. 1957-இல் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் நோயியல் துறைப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற ராமலிங்கசுவாமி, இவ்வாய்வின் மூளையாக விளங்கினார்.

நோயின் காரணத்தை அறியக் கதிரியக்க அயோடின் கைகொடுத்தது. தைராய்டு சுரப்பிக்குச் சாதாரண அயோடினுக்கும் கதிரியக்க அயோடினுக்கும் வேறுபாடு தெரியாது. இரண்டையும் ஒன்றுபோலவே உறிஞ்சிக்கொள்ளும். மிகச் சிறிய அளவு கதிரியக்க அயோடினை ஒருவருக்குக் கொடுத்து, குறிப்பிட்ட நேரம் கழித்துக் கழுத்தருகே அளவுமானியை வைத்தால், கொடுத்ததில் எத்தனை விழுக்காடு சுரப்பிக்குள் சென்றது என்பது தெரிந்துவிடும். இதற்குப் பயன்படும் அயோடின்-131, ஏறத்தாழ 8 நாள்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும் தன்மை உடையது. ஆகவே அது உடலில் நெடுங்காலம் தங்குவதில்லை.

ஒரு பொருளின் பயணத்தைக் கதிரியக்க அணுவால் பின்தொடரும் இந்த எண்ணத்துக்கு வித்திட்டவர் அங்கேரியில் பிறந்த வேதியியலாளர் ஜார்ஜ் டி ஹெவெசி. அதற்காக 1943-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அர்ஜென்டினாவின் மெண்டோசா பகுதியில் கழலை நோயாளிகளை 1951-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்டான்பரியின் குழு கதிரியக்க அயோடின் கொண்டு ஆராய்ந்திருந்தது.

இமய அடிவாரத்தில் கிடைத்த முடிவு தெளிவாக இருந்தது. நோயாளிகளின் சுரப்பி, கொடுத்த அயோடினை மிகுதியாக உறிஞ்சியது. அதே நேரத்தில் சிறுநீரில் வெளியேறிய அயோடினின் அளவு மிகக் குறைவாக இருந்தது. அயோடின் உள்ளே நுழைவதை ஏதேனும் ஒரு நச்சுப்பொருள் தடுத்திருந்தால், சுரப்பி இவ்வாறு உறிஞ்சியிருக்காது. சுரப்பி பழுதடையவில்லை, அது பசித்திருந்தது. ராமலிங்கசுவாமி, தன் சக ஆய்வாளர்களான சுப்பிரமணியம், தேவ் ஆகியோருடன் இணைந்து, இமயக் கழலையின் காரணம் குறித்த ஆய்வுரையை 1961-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்.

காரணம் தெரிந்தது, பரிகாரம் பலிக்குமா என்பதையும் நிறுவ வேண்டியிருந்தது. காங்ராவின் ஆய்வுப் பகுதி மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இரண்டு மண்டலங்களுக்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒரு மண்டலத்துக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. 1962-இல் மீண்டும் கணக்கெடுத்தபோது, அயோடின் உப்பு பெற்ற இரு மண்டலங்களிலும் கழலை வெகுவாகக் குறைந்திருந்தது. சாதாரண உப்பு பெற்ற மண்டலத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை. அதன்பின் அந்த மண்டலத்துக்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டது. அங்கும் நோய் குறையத் தொடங்கியது. முழு முடிவுகள் 1973-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியாயின.

இந்த வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. ஒப்பீட்டுக்காக விடப்பட்ட மண்டலத்தின் குழந்தைகள், மருந்தாகும் உப்புக்காக ஆறு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. மனிதர்களை உட்படுத்தும் ஆய்வுகளுக்கான நாட்டின் முதல் நெறிமுறை அறிக்கையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980-இல் வெளியிட்டது. அப்போது அக்கழகத்தின் தலைமை இயக்குநராக இருந்தவர் ராமலிங்கசுவாமியே.

காங்ராவில் முதற்கட்டப் பலன் தெரிந்த 1962-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஆயினும் அத்திட்டம் பல ஆண்டுகள் மந்தமாகவே நடந்தது. கழலை உயிரைப் பறிக்கும் நோய் அன்று என்ற எண்ணமே அதற்குத் தடையாக நின்றது. அந்த எண்ணத்தை மாற்றவும் கதிரியக்கம் துணைபுரிந்தது. எய்ம்ஸ் ஆய்வாளர் கொச்சுப்பிள்ளையின் குழு, உத்தரப் பிரதேசத்தின் தராய் மாவட்டங்களில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடிக் குருதியைச் சோதித்தது. பிறக்கும்போதே தைராய்டு இயக்குநீர்க் குறைவுடன் இருந்த குழந்தைகள் அங்கு மிகப் பலர் என்பது தெரியவந்தது. நாடு முழுவதும் உண்ணும் உப்பில் அயோடின் சேர்ப்பது என்ற கொள்கையை 1980-களின் நடுப்பகுதியில் அரசு ஏற்றது.

குருதியில் உள்ள இயக்குநீரை அளக்கும் அந்த முறையை வகுத்தவர்கள் அமெரிக்க அறிவியலாளர்களான சாலமன் பெர்சனும் ரோசலின் யாலோவும் ஆவர். கதிரியக்க அடையாளமிட்ட இயக்குநீரும் குருதியில் உள்ள இயக்குநீரும் ஒரே எதிர்ப்பொருளைப் பற்றப் போட்டியிடும். அடையாளமிட்டது எவ்வளவு வெளியே தள்ளப்பட்டது என்பதைக் கொண்டு, குருதியில் உள்ள அளவைக் கணக்கிடலாம். யாலோவுக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் 1972-லேயே மறைந்துவிட்டார்.

மருந்துத் தேடலும் இதே போட்டியைத்தான் நம்பியிருக்கிறது. எதிர்ப்பொருளுக்குப் பதிலாக உயிரணுவின் ஏற்பி அங்கே இடம்பெறும். பூட்டில் நுழையும் சாவிபோல ஏற்பியில் சென்று பொருந்தும் ஒரு பொருளுக்கு டிரிட்டியம் அல்லது அயோடின்-125 கொண்டு அடையாளமிடுவர். புதிய மருந்து அதனை வெளியே தள்ளினால், இரண்டும் ஒரே இடத்தைப் பற்றுகின்றன என்று பொருள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் மூளையில் அபினி சார்ந்த மருந்துகளின் ஏற்பியை 1973-இல் இவ்வழியிலேயே கண்டறிந்தனர். கழலையும் ஏற்பியின் கதையே ஆகும். அயோடின் குறையும்போது பிட்யூட்டரி சுரப்பி தூண்டுநீரை மிகுதியாக அனுப்புகிறது. அது தைராய்டு ஏற்பிகளைப் பற்றி, சுரப்பியை வீங்கச் செய்கிறது.

ராமலிங்கசுவாமி 1969 முதல் 1979 வரை எய்ம்ஸ் இயக்குநராகவும், பின்னர் 1986 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் பணியாற்றினார். பத்ம விபூஷண் விருதைப் பெற்ற அவர், 1986-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2001-ஆம் ஆண்டு மே 28-ஆம் தேதி, தம் 79-ஆவது வயதில் மறைந்தார்.

அவர் மறைந்தபோது, அயோடின் சேர்க்காத உப்பை விற்பதற்கு நாடு தழுவிய தடை இல்லை. இருந்த தடையை மத்திய அரசு 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் விலக்கியிருந்தது. அது மீண்டும் நடைமுறைக்கு வந்தது 2006-ஆம் ஆண்டு மே மாதத்தில். அதைக் காண அவர் இல்லை.

அவர் பிறந்த மாநிலத்தின் தென்கோடியில், திருப்பதிக்கும் ஸ்ரீகாளஹஸ்திக்கும் இடையே உள்ள ஏர்பேடு பகுதியில், இன்று இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும் இயங்குகின்றன. வேதியியலும் உயிரியலும் பயிலும் இளைஞர்களுக்கு, அடையாளமிட்ட அணுவும் ஏற்பியும் பாடநூல் சொற்கள். அவர்கள் அன்றாடம் உணவில் இட்டு உண்ணும் உப்பில், காங்ராவில் நிறுவப்பட்ட அந்த உண்மை கலந்திருக்கிறது.