சிறுமலர் தெரேசம்மாளின் பள்ளிப் படிப்பு



பிள்ளையைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்புவதா, வீட்டிலேயே வைத்துப் படிப்பிப்பதா என்ற கேள்வி இன்று பிறந்ததல்ல. பிரான்சு தேசத்து லிசியே நகரில் லூயி மார்ட்டின் என்ற தகப்பனார் ஒரே மகள் விஷயத்தில் இக்கேள்விக்கு இரண்டு தடவை இரண்டு விதமாக விடை சொல்ல வேண்டியிருந்தது. அந்த மகளின் படம் உங்களில் பலருடைய வீட்டுச் சுவரில் இருக்கிறது. பாடுபட்ட சுரூபத்தையும் ரோஜாப் பூக்களையும் மார்போடு அணைத்து நிற்கிற அர்ச். குழந்தை சேசுவின் தெரேசம்மாளே அவள். பூவைப் பார்த்துப் பழகிய நமக்கு, அவள் பள்ளிக்கூடத்தில் பட்ட பாடு அவ்வளவாகத் தெரியாது.

தெரேசம்மாள் 1873-ம் வருஷம் ஜனவரி 2-ந் தேதி அலான்சோன் நகரில் பிறந்தாள். நாலரை வயதில் தாயை இழந்தாள். தகப்பனார் ஐந்து பெண்களையும் அழைத்துக்கொண்டு, மைத்துனர் குடியிருந்த லிசியேக்கு வந்து சேர்ந்தார். இரண்டாவது அக்காள் பவுலின்தான் அதுமுதல் தெரேசம்மாளுக்குத் தாயும் ஆசிரியையும். காலையில் பாடம், பிற்பகலில் தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு உலாவப் போதல், வழியில் ஏதாவது ஒரு கோவிலில் நற்கருணை சந்திப்பு. ஞானோபதேசமும் வேதாகம சரித்திரமும் அவளுக்கு இஷ்டம். இலக்கணம் வந்தால் கண்ணீரும் வரும். வருஷ முடிவில் வீட்டிலேயே பரிசளிப்பு விழாவும் உண்டு. போட்டியிட வேறு பிள்ளை இல்லாவிட்டாலும், உழைத்த அளவுக்கு மேல் பரிசு கிடையாது.

1881 அக்டோபரில், எட்டரை வயதில், அர்ச். ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர் நடத்திய பள்ளிக்கு அனுப்பப்பட்டாள். அக்காள் செலினும் அங்கே படித்தாள். காலையில் போய் மாலையில் திரும்புவார்கள்.

வீட்டுப் பாடத்தின் பலனாகத் தன்னைவிட மூத்த பெண்களோடு உட்கார வைக்கப்பட்டாள். பெரும்பாலும் முதல் இடம் அவளுக்கே. வந்தது வினை! பதின்மூன்று, பதினாலு வயதுப் பெண் ஒருத்தி, படிப்பில் மட்டம், ஆனால் மற்றப் பிள்ளைகளையும் ஆசிரியைகளையுங்கூட அடக்கி வைக்கத் தெரிந்தவள், இச்சிறுமி மேல் பொறாமை கொண்டு பல விதமாய் வருத்தினாள். தெரேசம்மாளுக்கு எதிர்த்துப் பேசத் தெரியாது. அழுவாள். விளையாட்டும் வராது. செத்துக் கிடக்கும் குருவிகளைப் பொறுக்கிப் புதைப்பாள், சுற்றி உட்கார்ந்த பிள்ளைகளுக்குக் கதை சொல்வாள். ஓடியாட வேண்டிய நேரத்தில் கதை எதற்கு என்று ஆசிரியை அதையும் நிறுத்திவிட்டாள்.

பெற்றோரே, இதைக் கவனியுங்கள். மாலையில் வீடு திரும்பியதும் தகப்பனார் மடியில் ஏறி அன்று வாங்கிய மதிப்பெண்களைச் சொல்வாள், அவர் முத்தமிடுவார். பட்ட துன்பத்தை மட்டும் வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்தப் பள்ளி வருஷங்களே தன் வாழ்நாளில் மிகத் துயரமானவை என்றும், செலின் கூட இல்லாதிருந்தால் ஒரு மாதங்கூடத் தாங்கியிருக்க முடியாது என்றும் பிற்பாடு எழுதி வைத்தாள். மதிப்பெண் நன்றாயிருந்தால் பிள்ளையும் நன்றாயிருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வதில்லையா?

அப்படியானால் வீடுதான் பத்திரம் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். இதே குடும்பத்தில் மூன்றாவது பெண் லெயோனி, மினவுதல் சபைக் கன்னியர் பள்ளியில் அடங்காமல் திருப்பி அனுப்பப்பட்டவள். வீட்டிலோ, வேலைக்காரி ஒருத்தி அவளை இரகசியமாய் மிரட்டி அடிமைபோல் நடத்தி வந்தாள். அர்ச்சிஷ்டவர்களாகிய தாய் தகப்பன் இருந்த வீட்டிலேயே இது நடந்தது; தாய் அதைக் கண்டுபிடித்தது சாவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான்.

அக்காலத்துப் பிரான்சில் இது குடும்பங்களை மிகவும் உலுக்கிய விஷயம். 1882 மார்ச் 28-ந் தேதிச் சட்டம் 6 வயது முதல் 13 வயது முடியப் படிப்பைக் கட்டாயமாக்கியது. அரசாங்கப் பள்ளியிலோ, தனியார் பள்ளியிலோ, வீட்டில் தகப்பனாரிடமோ அவர் அமர்த்துகிறவரிடமோ படிக்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளைக்குப் பரீட்சை உண்டு. அதே சட்டம் அரசாங்கப் பள்ளிப் பாடத்திலிருந்து வேதபோதனையை நீக்கியது.

தெரேசம்மாள் படித்ததோ கன்னியர் பள்ளி. அதை மோசமான இடம் என்று சொல்ல முடியாது. 1884 மே 8-ந் தேதி புதுநன்மை வாங்கியது அங்கேதான். ஞானோபதேசத்தில் அவள் சொல்லும் விடைகளைக் கேட்டு மடத்துக் குருவானவர் அவளைத் தம் சிறு வேதபாரகி என்று அழைப்பார். 1997-ல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அவளைத் திருச்சபையின் வேதபாரகியாகவே பிரகடனம் செய்தார்! ஆனால் நல்ல பள்ளி எல்லாப் பிள்ளைக்கும் ஏற்ற பள்ளி ஆகிவிடாது. பவுலின் 1882-ல் கார்மேல் மடம் புகுந்தாள். மறு வருஷம் தெரேசம்மாள் கடும் வியாதியில் விழுந்து, தேவமாதாவின் புன்சிரிப்பால் குணமானது நீங்கள் அறிந்ததே. பிறகு எதைச் செய்தாலும் பாவமோ என்ற மனச்சஞ்சலம் பிடித்துக்கொண்டது. 1885-ல் செலின் படிப்பை முடித்துவிட, தங்கை தனியானாள். ஓயாத தலைவலி வேறு.

1886 தொடக்கத்தில் தகப்பனார் அவளைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டார். பதின்மூன்று வயது நிறைந்துவிட்டதால் சட்டப்படி படிப்பையே நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. பாப்பினோ என்ற அம்மையார் வீட்டில் வாரத்திற்குச் சில நாள் பாடம் ஏற்பாடு செய்தார். பழைய நாற்காலி மேசைகள் நிறைந்த அறை, ஆசிரியையின் வயதான தாய், ஒரு பூனை, ஓயாமல் வந்து போகும் விருந்தாளிகள். புத்தகத்தில் கண் வைத்திருக்கும்போதே, இந்த அழகான பெண் யார், கூந்தல் எவ்வளவு நேர்த்தி என்று அவர்கள் பேசுவது காதில் விழும். அது தனக்கு இன்பமாயிருந்தது என்று தெரேசம்மாளே ஒத்துக்கொள்கிறாள். பள்ளியில் பொறாமை, இங்கே புகழ்ச்சி. மாடியில் தனக்கென்று கிடைத்த அறையில் செடிகளும் பறவைகளும் மீன் தொட்டியுமாகத் தானே படித்தும் வந்தாள். சரித்திரத்திலும் விஞ்ஞானத்திலும் அளவில்லா ஆசை உண்டாயிற்று.

இன்னொன்று. அக்காமார் சேர்ந்திருந்த மரியாயின் பிள்ளைகள் சபையில் தானும் சேர விரும்பினாள். அதற்காக வாரத்தில் இரண்டு பிற்பகல் அதே பள்ளிக்கு வர வேண்டும் என்றார்கள். போனாள். அங்கே அவளுக்குத் தோழி என்று யாருமில்லை. பேசாமல் தையல் வேலையை முடிப்பாள். கோவிலின் மேல்மாடத்தில் ஏறி நற்கருணை நாதருக்கு முன் தனியே உட்கார்ந்திருப்பாள், தகப்பனார் வந்து அழைத்துப்போகும் வரை.